பனி இல்லாத மலைக்கும் குளிர்காலம் உண்டு: நவம்பரில் கொடிமலைப் பாதை

“சார், நம்ம நாட்டுல குளிருல நடுங்க முடியுமா?”

படிவம் இரண்டு வகுப்பில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது. ஜப்பானில் எடுத்த ஒரு காணொளியை அவர் பார்த்திருந்தார். நவம்பர் மாதம். மலைப்பாதையில் முதல் பனி விழுந்திருக்கிறது. நடப்பவர் காலணிக்கு அடியில் இரும்பு முள் வைத்த பட்டையைக் கட்டிக்கொள்கிறார். அப்படியும் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்துத்தான் வைக்கிறார்.

“நல்லவேளை, நம்ம ஊர் மலையில இந்தத் தொல்லையெல்லாம் இல்ல” என்றார் பக்கத்தில் இருந்தவர். வகுப்பே தலையாட்டியது.

நான் சட்டைக் கையை மடித்து என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பைக் காட்டினேன். அந்தக் கதையோடு இந்த வாரப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

அன்று நடந்தது

நான் ஜெலுத்தோங்கில் குடியிருப்பவன். வாரக் கடைசியில் நேரம் கிடைத்தால் கொடிமலை ஏறுவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பதினான்கு வயதான என் அக்காள் மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பும்போது நல்ல வெயில். தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் உள்ள தாவரவியல் பூங்காவின் வாசலிலிருந்து ஜீப் சாலையில் ஏறத் தொடங்கியபோது மணி மூன்று. ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி. மெல்லிய பருத்திச் சட்டை. வேறு எதுவும் எடுக்கவில்லை. இருபது முறைக்கு மேல் ஏறிய பாதைதானே என்ற நினைப்பு.

நாலரை மணிக்கு மழை பிடித்தது. ஓர் ஓய்விடத்துக் கூரையை அடைவதற்குள் முழுக்க நனைந்துவிட்டோம். கால் மணி நேரம் நின்றிருப்போம். பையனின் உதடு வெளுத்திருந்தது. “மாமா, ரொம்பக் குளிருது” என்றான். பல் அடித்துக்கொண்டது. மழை சற்று விட்டதும் திரும்பி இறங்கினோம். ஒரு வளைவில், சிமெண்டுத் தரையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் என் கால் வழுக்கியது. முழங்கை கிழிந்தது. ஆறே முக்கால் மணிக்குக் காட்டுக்குள் கும்மிருட்டு. கைப்பேசியில் மிச்சம் இருந்த மின்சாரத்தை வெளிச்சமாக்கி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கீழே வந்து சேர்ந்தபோது மணி ஏழரையைத் தாண்டிவிட்டது.

பெரிய விபத்து ஒன்றும் இல்லை. ஆனால் நான் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் உராய்வு, ஆவியாதல், வெப்பம், பூமியின் சுழற்சி ஆகிய நான்கு பாடங்களையும் அன்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.

பனி விழும் நாடுகளில் மலையேறுபவர்கள் குளிர்காலத்தின் தொடக்கத்துக்குத்தான் அதிகம் அஞ்சுவார்கள். நடுக்குளிர்காலம் என்றால் எல்லாரும் தயாராகப் போவார்கள். தொடக்கத்திலோ கீழே வெயில் அடிக்கும், மேலே மெல்லிய பனி படிந்திருக்கும். பகலில் உருகிய தண்ணீர் இரவில் கண்ணாடிபோல் உறைந்திருக்கும். போன மாதம் நடந்த அதே பாதை என்ற நினைப்பில் வருபவர் அங்கே விழுவார். நம் ஊரில் அந்த இடத்தைப் பிடித்திருப்பவை அக்டோபரும் நவம்பரும். பனி இல்லை. ஆனால் மழை, வெப்பநிலை, தரை, வெளிச்சம் என்ற நான்கும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மழை ஏன் இந்த மாதங்களில்?

பினாங்கில் ஆண்டிலேயே மழை அதிகமாகப் பெய்வது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. கிளந்தானிலும் திரங்கானுவிலும் இருக்கும் உங்கள் உறவினர்களைக் கேட்டால், அவர்களுக்கு நவம்பர், டிசம்பரில்தான் பெருமழை என்பார்கள். ஒரே தீபகற்பத்தில் ஏன் இந்த வேறுபாடு?

நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளி வந்து கிழக்குக் கரையில் கொட்டுகிறது. நடுவில் நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் அதைத் தடுப்பதால், நம் பக்கம் வரும்போது காற்று பெரும்பாலும் உலர்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா தீவின் மலைகள் நமக்கு அதே வேலையைச் செய்கின்றன. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையில் உள்ள மாறுகாலத்தில்தான் நமக்குப் பெருமழை.

மாறுகாலத்தில் காற்று மெல்ல வீசும். சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே போய்க்கொண்டிருக்கும். காலை வெயிலில் நிலம் சூடாகும். நிலத்தின் மேலுள்ள சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். அந்த ஈரக்காற்றின் முன்னால் மலை நிற்கிறது. மலைச்சரிவு அதை மேலே தள்ளுகிறது. மேலே போன காற்று குளிர்ந்து, நீராவி மேகமாகிறது. மதியத்துக்குப் பிறகு இடி, மழை.

இதனால்தான் ஜெலுத்தோங்கில் துணி காய்ந்துகொண்டிருக்கும்போதே கொடிமலை உச்சி மேகத்துக்குள் மறைந்திருக்கும். கீழே நின்று பார்க்கும் வானம் மேலே உள்ள வானிலையைச் சொல்லாது. மாறுகால மழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்குபவருக்கும் மதியம் மூன்று மணிக்குத் தொடங்குபவருக்கும் கிடைப்பவை இரண்டு வேறு மலைகள்.

இருபது டிகிரியில் எப்படி நடுக்கம் வரும்?

காற்று மேலே போகும்போது அதன்மீது உள்ள அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் காற்று விரிகிறது. விரிவதற்குத் தன் ஆற்றலையே செலவு செய்வதால் அது குளிர்கிறது. வளிமண்டலத்தில் சராசரியாக ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று கணக்கிடுவார்கள்.

கொடிமலையின் மிக உயரமான பகுதி 833 மீட்டர். ஆக, கீழே 31 டிகிரி என்றால் உச்சியில் ஏறத்தாழ 26 டிகிரி. மழை பெய்து கீழேயே 25 டிகிரிக்கு இறங்கினால், மேலே 20. இதே கணக்கைச் சபாவின் கினபாலு மலைக்குப் போட்டுப் பாருங்கள். உயரம் 4095 மீட்டர். 6.5-ஐ 4.095-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 27 டிகிரி குறைகிறது. கடற்கரையில் 29 டிகிரி இருக்கும்போது உச்சியில் 2 டிகிரிதான். இரவில் அது பூச்சியத்துக்குக் கீழே போய், பாறையில் தண்ணீர் உறைவதும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் நாட்டிலும் பனிக்கட்டி உண்டு என்பதை வகுப்பில் சொன்னபோது பலர் நம்பவில்லை. தமிழ்நாட்டில் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியில் உறைபனி படிகிறது.

ஆனால் நாங்கள் நின்ற இடத்தில் 20 டிகிரிக்கு மேல்தான் இருந்திருக்கும். குளிரூட்டி வைத்த வகுப்பறையிலும் இதே அளவு இருக்கும். அங்கே யாரும் பல் நடுங்குவதில்லையே? வேறுபாடு நனைந்த சட்டையில் இருக்கிறது.

நீங்கள் படிவம் நான்கில் ‘ஹாபா பெண்டாம்’ என்று படிக்கும் உள்ளுறை வெப்பத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் தேவை. உடல் வெப்பநிலைக்கு அருகில், ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோஜூல் வேண்டும். நனைந்த சட்டையில் 200 கிராம் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதும் ஆவியாக 480 கிலோஜூல் வேண்டும்.

இனி, 50 கிலோ எடையுள்ள மாணவரின் உடல். மனித உடலின் தன்வெப்பம் ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3.5 கிலோஜூல். அந்த உடல் ஒரு டிகிரி குளிர 50 × 3.5 = 175 கிலோஜூல் வெளியேற வேண்டும். 480-ஐ 175-ஆல் வகுத்தால் 2.7. சட்டை உலரத் தேவையான வெப்பம் முழுவதையும் உடலே கொடுத்து, அதே நேரம் உடல் புதிதாக வெப்பம் எதுவும் உண்டாக்காமல் இருந்தால், 37 டிகிரியில் இருக்கும் உடல் 34.3 டிகிரிக்கு இறங்கிவிடும். 35 டிகிரிக்குக் கீழே போனாலே அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை.

உண்மையில் அப்படி நடப்பதில்லை. சட்டை மெதுவாகத்தான் உலர்கிறது. ஒரு பகுதி வெப்பம் காற்றிலிருந்து கிடைக்கிறது. உடலும் சும்மா இருப்பதில்லை. உணவை எரித்து வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஏறும்போது தசைகள் அதிகமாக உழைப்பதால் நனைந்திருந்தாலும் குளிர் தெரியாது. நின்றதும்தான் வரவு குறைந்து, செலவு தொடர்கிறது. கூடவே காற்று வீசினால் செலவு இன்னும் கூடும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் எளிதாக வெப்பத்தைக் கடத்துவதால், உடலோடு ஒட்டிய ஈரத்துணி வெப்பத்தை நேரடியாகவும் வெளியே கொண்டுபோகிறது. நடுக்கம் என்பது தசைகளைத் தானாக இயக்கி வெப்பம் உண்டாக்க உடல் செய்யும் முயற்சி. ஆகவே நடுக்கத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்று என் பையில் ஓர் உலர்ந்த சட்டையும் ஒரு மழைக்கோட்டும் இருந்திருந்தால் இந்தக் கணக்கே தேவைப்பட்டிருக்காது. சிறுவர்களின் உடல், எடையோடு ஒப்பிடும்போது அதிகப் பரப்பைக் கொண்டது. அதனால் பெரியவரைவிடச் சீக்கிரம் குளிரும். எனக்கு முன்னே பையன் நடுங்கியதற்குக் காரணம் அதுதான்.

கால் ஏன் வழுக்கியது?

நாம் நடக்க முடிவதே உராய்வினால்தான். மலாய் மொழிப் பாடநூலில் ‘கெசெரான்’ என்று வருவது இதுதான். காலணிக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்பதை உராய்வுக் கெழு என்ற எண்ணால் குறிப்பார்கள். சரிவான தரையில் நிற்பவர் வழுக்காமல் இருக்க வேண்டுமானால், சரிவுக் கோணத்தின் ‘டேன்’ மதிப்பு அந்த எண்ணைத் தாண்டக் கூடாது.

கணக்கிட்டுப் பாருங்கள். உராய்வுக் கெழு 0.7 என்றால் 35 டிகிரிச் சரிவு வரை நிற்கலாம். 0.5 என்றால் 26 டிகிரி. 0.2-க்கு இறங்கிவிட்டால் 11 டிகிரிதான். எடையைப் பற்றி இந்தக் கணக்கில் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். “நான் கனமானவன், எனக்கு வழுக்காது” என்று சொல்லும் நண்பருக்கு இதைக் காட்டலாம்.

ஜீப் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரத்தில் 700 மீட்டர் உயரம் ஏறுகிறது. சராசரிச் சரிவு 8 டிகிரி. செங்குத்தான வளைவுகளில் அதைவிட வெகு அதிகம். 15 டிகிரிச் சரிவில் நிற்க உராய்வுக் கெழு குறைந்தது 0.27 இருக்க வேண்டும். உலர்ந்த சிமெண்டில் ரப்பர் காலணிக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் நிழல் விழும் வளைவில், மாதக்கணக்கில் ஈரம் காயாத சிமெண்டின்மீது பாசி படர்ந்திருக்கும். உலர்ந்திருக்கும்போது அது வெறும் கறுப்புக் கறைபோல் தெரியும். மழை பெய்ததும் ஈரத்தை உறிஞ்சிக் கொழகொழப்பாகிவிடும். காலணியின் ரப்பர் சிமெண்டைத் தொடாமல் அந்தக் கொழகொழப்பின் மேல் மிதக்கிறது. நான் விழுந்த இடம் அப்படிப்பட்டது.

பனிக்கட்டியும் இதே முறையில்தான் வழுக்குகிறது. அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. மிகக் கடுங்குளிரில் உள்ள பனிக்கட்டியைவிட, உருகுநிலைக்கு அருகில் உள்ள பனிக்கட்டி அதிகம் வழுக்கும். ஜப்பானியக் காணொளியில் பார்த்தவர் நவம்பரில் அவ்வளவு கவனமாக நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்பாதையில் வேறு வகையான வழுக்கல். நிலா வாசல் வழியாக ஏறும் பாதையில் போனவர்களுக்கு இது தெரியும். பினாங்குத் தீவு பெரும்பாலும் கிரானைட் பாறையால் ஆனது. வெப்பமும் மழையும் சேர்ந்து கிரானைட்டை மெல்லச் சிதைக்கின்றன. அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாக மாறுகிறது. குவார்ட்ஸ் சிதையாமல் மணலாக நின்றுவிடுகிறது. களிமண் நனைந்தால் சறுக்கும். உலர்ந்த களிமண்ணின் மேல் உருளும் மணல் பரல்களும் சறுக்கும். இவற்றோடு ஈரமான மரவேர்களும் நனைந்த இலைக் குவியலும் சேர்கின்றன. பலர் மிதித்துத் தோல் தேய்ந்த வேர், நனைந்தால் சோப்புக் கட்டிக்குச் சமம். வேரை மிதிக்காமல் தாண்டி, அதற்கு அப்பால் உள்ள மண்ணில் கால் வைப்பது நல்லது.

ஏறும்போது இல்லாத ஆபத்து இறங்கும்போது இருக்கிறது. இறங்குகையில் உடலின் வேகம் சரிவின் திசையிலேயே இருக்கிறது. குதிகால் முதலில் தரையைத் தொடும்போது அது முன்னோக்கித் தள்ளப்படுகிறது. எட்டைச் சிறிதாக்கி, முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுவதையும் தரையில் வைத்தால் தள்ளும் விசை குறையும். கைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கவே கூடாது.

2017 நவம்பர் சொல்லும் பாடம்

கால் வழுக்குவது ஒருவருக்கு நேர்வது. மலையே வழுக்குவதும் உண்டு.

2017 நவம்பர் 4 பிற்பகல் தொடங்கிய மழை மறுநாள் காலை வரை பினாங்கில் விடாமல் கொட்டியது. சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் பதிவானது. அதாவது, பெய்த தண்ணீர் ஓடாமல் அப்படியே நின்றிருந்தால் உங்கள் அடிக்கோல் உயரத்துக்கு நின்றிருக்கும். மாநிலத்தின் பெரும் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது. ஜீப் சாலை சேதமடைந்து மூடப்பட்டது. மலை ரயிலும் சில நாள்கள் நிறுத்தப்பட்டது.

மண் ஏன் சரிகிறது என்பதைக் கடற்கரையில் மணல் வீடு கட்டிப் பார்த்தவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். உலர்ந்த மணலில் வீடு கட்ட முடியாது. சற்று ஈரமான மணலில் கட்டலாம். மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் சிறிதளவு தண்ணீர், பரப்பு இழுவிசையால் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் வாளித் தண்ணீரை ஊற்றினால் வீடு குலைந்துவிடும். துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி முழுவதும் தண்ணீர் நிறைந்ததும், அந்த இழுவிசை மறைந்துபோகிறது. நீரின் அழுத்தம் துகள்களைப் பிரித்துத் தள்ளுகிறது. துகள்களுக்கு இடையே உள்ள உராய்வு குறைகிறது. மண்ணின் எடையும் கூடிவிடுகிறது. சரிவில் நிற்கும் மண்ணுக்கும் இதுவே நடக்கிறது.

ஆகவே, இன்று பெய்யும் மழையை மட்டும் பார்த்தால் போதாது. கடந்த நான்கைந்து நாள்களாக மண் எவ்வளவு குடித்திருக்கிறது என்பதும் முக்கியம். தொடர் மழைக்குப் பிறகு வெயில் அடிக்கும் ஒரு நல்ல நாளில்கூடச் சரிவு பலவீனமாக இருக்கலாம். பாதை ஓரத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், தானாக உருண்டு வரும் சிறு கற்கள், திடீரென்று கலங்கலாக வரும் ஊற்று ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் அந்த இடத்தில் நிற்காமல் விலகிவிட வேண்டும்.

ஓடைகளுக்கும் இதே கவனம் தேவை. மேலே பெய்த மழை ஒரே நேரத்தில் திரண்டு கீழே வருவதை மலாய் மொழியில் ‘கெப்பாலா ஆயிர்’ என்பார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாதபோதும் அது வரலாம். தெளிந்த ஓடை கலங்குவதும், இலைகளும் குச்சிகளும் அடித்து வருவதும் அதன் முன்னறிகுறிகள். உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

நவம்பரில் இருட்டு சீக்கிரம் வருகிறது

“நமக்கு ஆண்டு முழுவதும் பகலும் இரவும் சமம்” என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சூரியன் மறையும் நேரம் மாறுகிறது. பினாங்கில் ஜூலை இறுதியில் சூரியன் மறைவது மாலை ஏறத்தாழ 7.36-க்கு. நவம்பர் முதல் பாதியில் ஏறத்தாழ 7.00-க்கு. அரைமணி நேரத்துக்கும் மேலான வேறுபாடு.

இன்னொரு வியப்பும் இதில் இருக்கிறது. வடகோளத்தில் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22-ஆம் தேதி. ஆனால் நம் ஊரில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது அன்று அல்ல, நவம்பரில். டிசம்பர் 21-இல் அது 7.10-ஐத் தாண்டித்தான் மறைகிறது. காரணம் என்ன? பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது. அதன் பாதையும் சரியான வட்டம் அல்ல. இந்த இரண்டினாலும் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் 1.03 அளவில். பிப்ரவரி நடுப்பகுதியில் 1.33 அளவில். உச்சிப்பொழுது முன்னால் வந்தால், மறையும் நேரமும் முன்னால் வரும்.

மலையில் இன்னும் இரண்டு கழிவுகளைச் செய்ய வேண்டும். தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறும் பாதை மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. சூரியன் மறைவது மேற்கில். ஆகவே கடலில் மறைவதற்கு வெகு முன்பே அது மலைக்குப் பின்னால் போய்விடும். அதோடு, அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம், மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான். மழைமேகமும் சேர்ந்தால் ஆறரை மணிக்கே காட்டுக்குள் இரவு. அன்று பையனும் நானும் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தது இந்த இருட்டில்தான்.

இப்போது நாங்கள் பின்பற்றும் முறை

அந்த நாளுக்குப் பிறகு என் பழக்கம் மாறிவிட்டது. உங்களுக்கும் பயன்படலாம்.

1. காலையில் ஏறுகிறோம். திரும்பும் நேரத்தைப் புறப்படும்போதே முடிவு செய்கிறோம். அந்த நேரம் வந்தால், உச்சிக்கு இன்னும் பத்து நிமிடம்தான் என்றாலும் திரும்பிவிடுகிறோம். மேலே போனால் ரயிலில் இறங்கலாம் என்று கணக்குப் போடுவதில்லை. மோசமான வானிலையில் ரயில் நிற்கலாம்.

2. முந்தைய நாளும் புறப்படும் முன்பும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைப் பார்க்கிறோம். கடந்த சில நாள்களின் மழையையும் நினைத்துப் பார்க்கிறோம். மூடப்பட்ட பாதையில் போவதில்லை.

3. பையில் எப்போதும் இருப்பவை: மழைக்கோட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய உலர்ந்த சட்டை, டார்ச் லைட், தண்ணீர், கொஞ்சம் இனிப்போ பிஸ்கட்டோ. நனைந்தால் முதலில் சட்டையை மாற்றுகிறோம், பிறகுதான் ஓய்வு.

4. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குகிறோம். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிக்குக் குறைவு என்றால் இடி பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திறந்த முகட்டையும் தனித்து நிற்கும் மரத்தையும் விட்டு விலகுகிறோம்.

5. எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறோம். வழி தவறினாலோ அடிபட்டாலோ அழைக்க வேண்டிய எண் 999. மாணவர்கள் பெரியவர் துணை இல்லாமல் போகவே கூடாது.

அடுத்த பிப்ரவரியில் அதே பையனோடு அதே சாலையில் ஏறினேன். தரை உலர்ந்திருந்தது. காய்ந்த இலைகள் காலடியில் நொறுங்கின. அந்த வளைவு வந்ததும் அவன் நின்றான். காலணியால் தரையைத் தேய்த்துப் பார்த்தான்.

“மாமா, நீங்க விழுந்த இடம் இதுதானே? வழுக்கவே இல்லையே!”

வழுக்கவில்லைதான். “நவம்பர்ல வந்து தேய்ச்சுப் பாரு” என்றேன். “வர்றேன், ஆனா காலையில” என்றான்.

நீங்களே செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை, ஒரு காலணி, கோணமானி, தண்ணீர், நனைந்த இலைகள் சில.

பலகையின் ஒரு முனையில் காலணியை வைத்து, அந்த முனையை மெதுவாக உயர்த்துங்கள். காலணி வழுக்கத் தொடங்கும் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை உலர்ந்த பலகையிலும், நனைத்த பலகையிலும், நனைந்த இலைகள் பரப்பிய பலகையிலும் மும்மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். கோணத்தின் ‘டேன்’ மதிப்பே உராய்வுக் கெழு. அடிப்பாகம் தேய்ந்த பழைய காலணியையும் புதிய காலணியையும் ஒப்பிடுங்கள். காலணிக்குள் கல் ஒன்றை வைத்து எடையைக் கூட்டினால் கோணம் மாறுகிறதா என்றும் பாருங்கள்.

சிந்தித்து எழுதுங்கள்

1. நனைந்த சட்டையோடு ஏறும்போது தெரியாத குளிர், நின்றதும் தெரிவது ஏன்?

2. நான்கு நாள் தொடர் மழைக்குப் பிறகு ஐந்தாம் நாள் வெயில் அடிக்கிறது. அன்று மலைச்சரிவு ஏன் இன்னும் ஆபத்தானதாக இருக்கலாம்?

3. கொடிமலையின் மேற்குச் சரிவில், பாலிக் புலாவ் பக்கம் இறங்குபவருக்கு மாலை வெளிச்சம் எப்படி வேறுபடும்? காலை வெளிச்சம்?

4. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு மலையின் உயரத்தைக் கண்டறிந்து, அடிவாரத்தில் 30 டிகிரி இருக்கும்போது உச்சியில் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுங்கள்.